ஜெனரேட்டர் எழுதிய பிறகும் சர்வரின் நினைவகம் ஏன் ஏறுகிறது?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவு: பைத்தான் மொழியின் ஜாங்கோ கட்டமைப்பில் எழுதிய தளம், பின்னால் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், முன்னால் பயனரோடு பேசும் வலைச் சர்வரான எஞ்சின்எக்ஸ், நடுவில் ஜாங்கோ நிரலை ஓட்டும் குனிகார்ன். சுமார் 5 லட்சம் வரிகளைச் சிஎஸ்வி கோப்பாக இறக்கித் தரும் பொத்தான் ஒன்று இருக்கிறது. மூன்று பேர் ஒரே நேரத்தில் அதை அழுத்தினால், 2 ஜிகாபைட் நினைவகமுள்ள சர்வரில் இயங்குதளத்தின் மையமான கெர்னல் உங்கள் பிராசஸைக் கொன்றுவிடுகிறது. பதிலை மொத்தமாக அல்லாமல் துண்டு துண்டாக அனுப்பும் ஸ்ட்ரீமிங் ரெஸ்பான்ஸுக்கு மாற்றி, வரிகளை ஒவ்வொன்றாக உருவாக்கித் தரும் ஜெனரேட்டரும் எழுதிவிட்டீர்கள்; ஆனாலும் நினைவகம் முன்பு போலவே ஏறுகிறது. ஆகவே, ஸ்ட்ரீமிங் என்பது பெயரளவில்தானா, பேசாமல் 4 ஜிகாபைட் சர்வருக்கு மாறிவிடலாமா என்று கேட்கிறீர்கள். நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள வேண்டியது, தரவு வரும் வழியில் எந்த இடத்தில் தேங்குகிறது என்பதுதான். அதைக் கண்டுபிடிக்காமல் 4 ஜிகாபைட்டுக்குப் போனால், மூன்று பேருக்குப் பதில் ஆறு பேர் அழுத்தும்போது இதே கதை நடக்கும்.

ஒரு வரி தரவுத்தளத்திலிருந்து கிளம்பிப் பயனரின் வட்டில் போய் விழும்வரை, தரவுத்தளத்தோடு பேசும் டிரைவர், வரிகளைப் பைத்தான் பொருள்களாக்கும் ஜாங்கோவின் ஓஆர்எம், உங்கள் ஜெனரேட்டர், ஒவ்வொரு பதிலையும் வழியில் தொட்டுப் பார்க்கும் மிடில்வேர்கள், குனிகார்ன், கெர்னலின் சாக்கெட் பஃபர் (அனுப்பக் காத்திருக்கும் தரவு தங்கும் இடம்), எஞ்சின்எக்ஸ் என்று பல கைகள் மாறுகிறது. இவற்றில் ஆறு பேர் சிறிது சிறிதாக வாங்கிச் சிறிது சிறிதாகக் கொடுத்து, ஒருவர் மட்டும் 'எல்லாம் வந்து சேரட்டும்' என்று காத்திருந்தால், மொத்த நினைவகமும் அந்த ஒருவரால் தீர்மானிக்கப்பட்டுவிடும். நீங்கள் மாற்றியது நடுவில் இருக்கும் ஓர் இணைப்பை மட்டும்தான். இன்னொன்றும் உண்டு: கடைமடையில் வாங்கிக்கொள்ளும் வேகத்துக்கு ஏற்பத்தான் தலைமடையில் திறக்க வேண்டும். மெதுவான இணைப்பில் இருக்கும் பயனருக்காகத் தரவுத்தளம் முழு வேகத்தில் வரிகளைத் தள்ளினால், வேக வித்தியாசம் எங்கோ ஒரு பஃபரில் குவிந்தே தீரும். இந்த எதிர் அழுத்தத்தைத்தான் ஆங்கிலத்தில் பேக்பிரஷர் என்கிறார்கள். சொல் பெரிதாக இருந்தாலும் விஷயம் இவ்வளவுதான்.

வலையமைப்பின் பக்கம் இதற்குத் தடை எதுவும் இல்லை. மொத்த நீளம் முன்கூட்டியே தெரியாத பதிலை அனுப்ப, எச்டிடிபி 1.1 நெறிமுறை 1997-இல் வெளிவந்தபோதே, துண்டு துண்டாக அனுப்பும் 'சங்க்டு' முறையைக் கொண்டிருந்தது. கம்பியில் ஓடுவதை எட்டிப் பார்த்தால், முதலில் '10000' என்று ஒரு வரி வரும். அது பதினாறடிமான எண், அதாவது 65,536 பைட். அடுத்து அத்தனை பைட் தரவு, பிறகு மறுபடி ஒரு நீளம், மறுபடி தரவு. கடைசியில் '0' என்று ஒரு வரி வந்தால் முடிந்தது என்று பொருள். எச்டிடிபி 2-இல் இந்த முறை இல்லை. அங்கே தரவுச் சட்டகங்களாகப் போகிறது, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தொடக்கத்தில் 65,535 பைட் என்ற அளவில் எதிர்முனை கட்டுப்பாடும் வைத்திருக்கிறது. அதற்கும் கீழே டிசிபி தன் பங்குக்கு, பெறுபவரின் பஃபர் நிரம்பினால் அனுப்புபவரை நிறுத்திவைக்கிறது. ஆக, கீழ்த்தளம் முழுக்க எதிர் அழுத்தத்தை மதித்தே கட்டப்பட்டிருக்கிறது. அதை மீறுவது பெரும்பாலும் மேலே நாம் எழுதும் நிரல்தான். அந்தக் கடைசி '0' வரியைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள், பின்னால் அது தேவைப்படும்.

இனி உங்கள் நிரலுக்கு வருகிறேன். நீங்கள் காட்டிய ஜெனரேட்டருக்குள், ஜாங்கோவில் ஒரு வினவலைக் குறிக்கும் குவெரிசெட்டின் மேல் நேரடியாக ஒரு ஃபார் வளையம் ஓடுகிறது. நினைவகம் ஏறுவதற்கு இது ஒன்றே போதும் என்று உறுதியாகச் சொல்வேன், ஏனென்றால் அப்படி ஓட்டும்போது முதல் வரியை நீங்கள் பார்ப்பதற்கு முன்பே எல்லா வரிகளும் வந்து சேர்ந்துவிடுகின்றன. விடையின் வரிகளை எடுத்துத் தரும் கர்சர் சாதாரண வகையாக இருந்தால், போஸ்ட்கிரெஸின் சி மொழி நூலகம் முழு விடையையும் வாங்கித் தன் நினைவகத்தில் வைத்துக்கொண்ட பிறகுதான் பைத்தானுக்கு வழி விடுகிறது. அதிலிருந்து ஜாங்கோ எல்லா வரிகளையும் டியூப்பிள்களாக (மதிப்புகளின் தொகுப்புகளாக) எடுத்து ஒரு பட்டியலில் அடுக்குகிறது. பிறகு ஒவ்வொரு டியூப்பிளையும் மாடல் பொருளாக்கி, குவெரிசெட்டின் உள்ளே இருக்கும் கேஷில் சேர்த்துவைக்கிறது, நீங்கள் அதே குவெரிசெட்டை இன்னொரு முறை சுற்றினால் தரவுத்தளத்துக்கு மறுபடி போக வேண்டாமே என்ற நல்லெண்ணத்தில். உச்ச நேரத்தில் ஒரே தரவு இரண்டு வடிவங்களில் நினைவகத்தில் இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: சிஎஸ்வி வரி ஒன்று 200 பைட் என்றால் கோப்பு 100 மெகாபைட்தான், ஆனால் இருபது புலங்கள் கொண்ட மாடல் பொருள் ஒன்று, தன் அகராதியும் மதிப்புகளும் சேர்ந்து ஒரு கிலோபைட்டைத் தாண்டுவது இயல்பு. 5 லட்சம் பொருள்கள் என்றால் அரை ஜிகாபைட்டுக்கு மேல். மூன்று பேர் அழுத்தினால் ஒன்றரை ஜிகாபைட்டுக்கு மேல். உங்கள் 2 ஜிகாபைட் சர்வர் ஏன் சரியாக மூன்றாம் ஆளோடு விழுகிறது என்பது புரிந்திருக்கும்.

முதல் திருத்தம், குவெரிசெட்டின் இட்டரேட்டர் முறையை அழைத்து அதன் மேல் வளையத்தை ஓட்டுவது. அது கேஷைத் தவிர்ப்பதோடு, போஸ்ட்கிரெஸில் சர்வர் பக்கக் கர்சரையும் திறக்கிறது. விடை தரவுத்தளத்திலேயே இருக்க, 2,000 வரிகள் வீதம் கேட்டுக் கேட்டு வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு அது. மாடல் பொருள்களே தேவையில்லை, வெறும் மதிப்புகள் போதும் என்றால், வேல்யூஸ் லிஸ்ட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நினைவகம் குறைவதோடு வேகமும் கூடும். இங்கே பலர் அஞ்சும் ஒரு விஷயம், மெதுவான பயனர் ஒருவர் இருபது நிமிடம் இறக்கினால் இருபது நிமிடமும் ஒரு பரிவர்த்தனை திறந்தே கிடந்து, பழைய வரிகளைத் துப்புரவாக்கும் போஸ்ட்கிரெஸின் வேக்யூம் வேலையைத் தடுக்குமே என்பது. நியாயமான அச்சம்தான். ஆனால் ஒவ்வொரு கட்டளையும் தனிப் பரிவர்த்தனையாக முடியும் ஆட்டோகமிட் நிலையில், ஜாங்கோ இந்தக் கர்சரை 'வித் ஹோல்டு' என்ற குறிப்போடு திறக்கிறது. அப்போது போஸ்ட்கிரெஸ் முழு விடையையும் தன் பக்கத்தில் ஒரு நகலாக, பெரிதாக இருந்தால் தற்காலிகக் கோப்பாக, எழுதிவைத்துவிட்டுப் பரிவர்த்தனையை முடித்துவிடுகிறது. விலையாக, முதல் வரி வருவதற்குச் சற்றுத் தாமதமாகும், தரவுத்தளத்தின் வட்டில் கொஞ்சம் இடம் போகும். ஒவ்வொரு கோரிக்கையையும் பரிவர்த்தனைக்குள் ஓட்டும் ஜாங்கோ அமைப்பை நீங்கள் போட்டிருந்தாலும் இதில் மாற்றமில்லை, ஏனென்றால் கோரிக்கையைக் கையாளும் வியூ செயற்கூறு திரும்பிய பிறகுதான் ஜெனரேட்டர் ஓடுகிறது. அதற்குள் அந்தப் பரிவர்த்தனை முடிந்துபோயிருக்கும்.

இந்தத் திருத்தம் செய்தும் பலனில்லை என்றால், தரவுத்தள இணைப்புகளைப் பலருக்கும் பகிர்ந்து தரும் பிஜிபவுன்சர் நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். பரிவர்த்தனைவாரிப் பகிர்வு முறையில் அது ஓடினால், கர்சரைத் திறந்த இணைப்பு ஒன்றாகவும், அடுத்த 2,000 வரிகளைக் கேட்கும் இணைப்பு வேறொன்றாகவும் இருக்கக்கூடும். 'அப்படி ஒரு கர்சரே இல்லை' என்று பிழை வரும். அந்தப் பிழையைப் போக்க, சர்வர் பக்கக் கர்சர்களை முடக்கும் அமைப்பை யாராவது எப்போதோ போட்டிருப்பார்கள். அதன் பிறகு இட்டரேட்டரை அழைத்தாலும் டிரைவர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வாங்கிவிடும்; மாடல் பொருள்களின் சுமை மட்டும்தான் குறையும். மைஎஸ்க்யூஎல் பயன்படுத்துபவர்களுக்கும் ஜாங்கோவில் இதே நிலைதான். இத்தகைய இடங்களில் நான் செய்வது, முதன்மை விசையை வைத்துப் பக்கம் பக்கமாக வாங்குவது: கடைசியாகப் பார்த்த எண்ணைவிடப் பெரிய எண் உள்ள அடுத்த 5,000 வரிகளை, எண் வரிசையில் தா என்று கேட்பது. இத்தனை வரிகளைத் தாண்டித் தா என்னும் ஆஃப்செட்டை வைத்துக் கேட்காதீர்கள். 4 லட்சமாவது வரிக்குப் போக அது ஒவ்வொரு முறையும் முந்தைய 4 லட்சத்தையும் கடந்துதான் வரும். விசை முறையில் ஒரு குறையும் உண்டு: ஒவ்வொரு பக்கமும் தனி வினவல் என்பதால், இடையில் யாராவது வரிகளைத் திருத்தினால், கோப்பு ஒரே கணத்தின் படமாக இருக்காது. கணக்கு அறிக்கைக்கு அது ஒத்துவராது. பொதுவான பட்டியலுக்கு யாரும் கவலைப்பட மாட்டார்கள். ஜாவா பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வரி: போஸ்ட்கிரெஸின் ஜேடிபிசி டிரைவரில் ஃபெட்ச் சைஸ் கொடுத்தால் மட்டும் போதாது, ஆட்டோகமிட்டையும் அணைக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த எண் சத்தமில்லாமல் புறக்கணிக்கப்படும்.

அடுத்து, ஜெனரேட்டர் எதை வெளியே விடுகிறது என்பது. சிஎஸ்வி எழுதியை, நினைவகத்திலேயே இருக்கும் கோப்பு போன்ற ஸ்ட்ரிங்ஐஓ ஒன்றின் மேல் வைத்து, ஒவ்வொரு வரியையும் எழுதி, அதன் உள்ளடக்கத்தை வெளியே விடுவது பலர் செய்யும் முறை. எழுதிய பின் அதைக் காலி செய்ய மறந்தால் அதுவே வளர்ந்துகொண்டு போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். அவ்வளவாகத் தெரியாதது, வெட்டிவிட்டு எழுதும் இடத்தைத் தொடக்கத்துக்கு நகர்த்த மறப்பது: வெட்டியதும் உள்ளடக்கம் காலியாகிவிடும், ஆனால் எழுதுமிடம் பழைய இடத்திலேயே நிற்கும், அடுத்த வரியை எழுதும்போது நடுவில் உள்ள இடைவெளி பூஜ்ய எழுத்துகளால் நிரப்பப்படும். திறந்து பார்த்தால் கோப்பில் பாதிக்கு மேல் கண்ணுக்குத் தெரியாத குப்பை இருக்கும், அதுவும் வரிக்கு வரி கூடிக்கொண்டே போகும். இரண்டையும் தவிர்க்க, எழுதச் சொன்னதை அப்படியே திருப்பிக் கொடுக்கும் ஒரு சிறு வகுப்பை எழுதியின் கீழே வைத்துவிடுவது எளிது. ஆனால் வரிக்கு ஒரு முறை வெளியே விடாதீர்கள். அப்படிச் செய்தால் 200 பைட்டுக்கு ஒரு சங்க்கும் ஒரு சிஸ்டம் காலும் (கெர்னலிடம் ஒரு வேண்டுகோளும்) என்று 5 லட்சம் முறை நடக்கும். நினைவகம் குறைவாகத்தான் இருக்கும், சிபியு தேவையின்றி வேலை செய்யும். ஒரு பட்டியலில் சேர்த்து, சுமார் 64 கிலோபைட் ஆனதும் ஒன்றாக இணைத்து அனுப்புங்கள். அந்த எண் புனிதமானதல்ல. 32 ஆனாலும் 128 ஆனாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. 10 மெகாபைட் என்று வைத்தால்தான் மறுபடி பழைய சிக்கலின் நிழல் விழும்.

மிடில்வேர்களைப் பற்றி எனக்குச் சொந்த அனுபவமே உண்டு. நான் வேலை செய்த ஓர் இடத்தில், இதே போன்ற ஏற்றுமதியை முறையாக எழுதியும் நினைவகம் குறையவில்லை; இரண்டு நாள் தரவுத்தளத்தையும் டிரைவரையும் குடைந்த பிறகுதான், தணிக்கைப் பதிவுக்காக யாரோ எழுதிய ஒரு மிடில்வேர் கண்ணில் பட்டது. பதிலின் நீளத்தைப் பதிவு செய்வதற்காக, ஓடிவரும் துண்டுகளை எல்லாம் ஒரு பட்டியலாக்கி, நீளத்தை எண்ணி, அந்தப் பட்டியலையே மறுபடி பதிலுக்குள் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருந்தது, முதல் பைட் வர ஏன் நாற்பது வினாடி ஆகிறது என்பதைத் தவிர. பதிலின் மொத்த நீளம், செக்சம், ஈடேக் (பதிலின் பதிப்பு அடையாளம்) என்று எதைக் கணக்கிடும் பகுதியாக இருந்தாலும் இந்தச் சந்தேகத்தோடு பாருங்கள். அதே சமயம், அமுக்கும் பகுதியைக் குறை சொல்ல வேண்டாம்: ஜிசிப் ஓடையாகவே வேலை செய்யும்; ஸீலிப் நூலகம் இயல்பான அமைப்பில் ஓர் அமுக்கத்துக்குச் சுமார் 256 கிலோபைட்தான் எடுத்துக்கொள்ளும்; ஜாங்கோவின் ஜிசிப் மிடில்வேரும் ஸ்ட்ரீமிங் பதிலைத் துண்டு துண்டாகவே அமுக்குகிறது. நாளை நீங்கள் ஒத்தியங்கா (அசிங்க்) முறையிலான ஏஎஸ்ஜிஐ சர்வருக்கு மாறுவதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: அங்கே சாதாரண ஜெனரேட்டரைக் கொடுத்தால், ஜாங்கோ அதை முழுவதும் நினைவகத்தில் வாங்கிய பிறகே அனுப்பும், ஓர் எச்சரிக்கை மட்டும் பதிவில் விழும். அங்கே அசிங்க் ஜெனரேட்டர்தான் தேவை, ஜாங்கோ 4.2 முதல் அது ஏற்கப்படுகிறது.

எஞ்சின்எக்ஸ் பற்றி இணையத்தில் முதலில் கிடைக்கும் அறிவுரை, பின்னாலிருந்து வரும் பதிலைத் தானே வாங்கிச் சேர்த்துவைக்கும் பிராக்ஸி பஃபரிங்கை அணைத்துவிடு என்பது. பெரிய கோப்பு இறக்கங்களுக்கு அது தவறான அறிவுரை என்பதே என் தீர்மானம். பஃபரிங் இயங்கும்போது எஞ்சின்எக்ஸ் ஓர் இணைப்புக்கு எடுத்துக்கொள்ளும் நினைவகம் மிகக் குறைவு: 4 அல்லது 8 கிலோபைட் அளவில் 8 பஃபர்கள், கூடவே தலைப்புகளுக்கு ஒன்று. அவை நிரம்பினால் மீதியை வட்டில் ஒரு தற்காலிகக் கோப்பில் எழுதும். அதற்கு இயல்பான வரம்பு 1,024 மெகாபைட். வரம்பைத் தொட்ட பிறகு, பயனர் வாங்கும் வேகத்துக்கே உங்கள் சர்வரிடமிருந்து வாங்கும். இதனால் கிடைக்கும் நன்மை பெரிது: உங்கள் குனிகார்ன் வேலையாள் (கோரிக்கையைக் கவனிக்கும் பிராசஸ்) 100 மெகாபைட்டைச் சில வினாடிகளில் எஞ்சின்எக்ஸிடம் ஒப்படைத்துவிட்டு அடுத்த கோரிக்கைக்குப் போய்விடுவார், மெதுவான பயனரோடு மல்லுக்கட்டுவது எஞ்சின்எக்ஸின் பாடு. பஃபரிங்கை அணைத்தால், ஒரு நேரத்தில் ஒரே கோரிக்கையைக் கவனிக்கும் சிங்க் வகை வேலையாட்கள் நான்கு பேர் உள்ள சர்வரில் நான்கு மெதுவான பயனர்கள் போதும், தளம் முழுக்க உறைந்துபோகும். போதாததற்கு, குனிகார்னின் சிங்க் வேலையாள் 30 வினாடிக்கு மேல் ஒரே கோரிக்கையில் இருந்தால், இயல்பான அமைப்பில் அவரைத் தலைமைப் பிராசஸ் கொன்றுவிடும். இறக்கம் பாதியில் அறுந்துபோகும். ஏற்றுமதியே அரை நிமிடத்துக்கு மேல் எடுக்கும் என்றால் பல இழைகளில் இயங்கும் ஜிதிரெட் வகை வேலையாட்களுக்கு மாறுங்கள். பஃபரிங்கை அணைக்க வேண்டிய இடம், ஒவ்வொரு வரியும் உருவான கணமே பயனருக்குத் தெரிய வேண்டிய நேரலைப் பதில்கள்தான். ஒரு சிறு பொறி மட்டும் இங்கே உண்டு: அந்தத் தற்காலிகக் கோப்பு எழுதப்படும் அடைவு, கன்டெய்னர்களில் சில வேளை டெம்ப்எஃப்எஸ் ஆக ஏற்றப்பட்டிருக்கும். பெயர்தான் வட்டு, உண்மையில் எழுதுவதெல்லாம் நினைவகத்தில்.

நோட் ஜேஎஸ் போன்ற நிகழ்வுச் சுழல் சூழல்களில் எழுதுபவர்களுக்கு எதிர் அழுத்தம் இன்னும் கண்கூடான சிக்கல். பைத்தானில் சர்வரும் நிரலும் பேசிக்கொள்ளும் டபிள்யூஎஸ்ஜிஐ முறையில், சாக்கெட் நிரம்பினால் எழுதும் இழை தானாக நின்றுவிடும், ஜெனரேட்டரும் அடுத்த வரியைக் கேட்காது; நீங்கள் எதுவும் செய்யாமலே எதிர் அழுத்தம் கிடைத்துவிடுகிறது. நோடில் ரைட் அழைப்பு நிற்பதே இல்லை. பஃபர் நிரம்பியதும் 'ஃபால்ஸ்' என்று திருப்பிக் கொடுக்கும், அவ்வளவுதான். அந்த மதிப்பைப் பார்க்காமல் வளையத்தில் எழுதிக்கொண்டே போனால், எழுதியதெல்லாம் பிராசஸின் நினைவகத்தில் வரிசையில் நிற்கும். 'டிரெயின்' நிகழ்வு வரும்வரை காத்திருக்க வேண்டும், அல்லது அதையெல்லாம் கவனித்துக்கொள்ளும் பைப்லைன் செயற்கூற்றிடம் விட்டுவிட வேண்டும். பின்னது நோட் 10-ஆம் பதிப்பு முதல் இருக்கிறது, பிழை வந்தால் எல்லா ஓடைகளையும் மூடியும் வைக்கிறது. கையால் எழுதுவதற்கு இப்போது காரணமே இல்லை.

நினைவகத்தைச் சரி செய்த பிறகு வரும் சிக்கல், பாதி வழியில் ஏற்படும் பிழை. முதல் துண்டு போகும்போதே, எல்லாம் சரி என்னும் 200 என்ற நிலைக் குறியீடும் போய்விட்டது. 3 லட்சமாவது வரியில் தரவுத்தளம் விழுந்தால் 500 என்று சொல்ல வழியில்லை. செய்யக்கூடியது இணைப்பை அறுப்பது மட்டும்தான். அப்போது கடைசி '0' வரி போகாததால், கோப்பு முழுமையடையவில்லை என்று பிரௌசருக்குத் தெரிந்துவிடும். ஆனால் உங்கள் அமைப்பில் இது வேலை செய்யாமல் போக ஒரு காரணம் இருக்கிறது. எஞ்சின்எக்ஸ் பின்னாலுள்ள சர்வரோடு நெடுங்காலமாக எச்டிடிபி 1.0-இல்தான் பேசிவந்தது, அந்தப் பதிப்புகளில் நீங்கள் தனியாக 1.1 என்று எழுதினால்தான் மாறும். 1.0-இல் சங்க்டு முறை கிடையாது, நீளமும் தெரியாது. ஆகவே இணைப்பு மூடியதே முடிவுக்கு அடையாளம். குனிகார்ன் பிழையால் மூடினாலும், வேலை முடிந்து மூடினாலும், எஞ்சின்எக்ஸுக்கு ஒன்றுதான். அது நல்லபடியாக முடிந்ததாக நினைத்துப் பிரௌசருக்கு அழகாக '0' வரியையும் அனுப்பிவைக்கும். பயனருக்கு 3 லட்சம் வரிகளோடு, எந்தக் குறையும் தெரியாத கோப்பு கிடைக்கும். நினைவகத்தால் சர்வர் விழுவதைவிட இதை நான் மோசமாகக் கருதுகிறேன், ஏனென்றால் விழுந்தது யாருக்கும் தெரியாது. பிராக்ஸி அமைப்பில் எச்டிடிபி பதிப்பை 1.1 என்று இன்றே எழுதிவிடுங்கள். கோப்பை இன்னொரு நிரல் படிக்கப்போகிறது என்றால், கடைசி வரியில் மொத்த வரிகளின் எண்ணிக்கையையும் சேர்த்துவிடுவது கூடுதல் காவல். அதே போல, பயனர் நடுவில் ரத்து செய்தால் டபிள்யூஎஸ்ஜிஐ சர்வர் ஜெனரேட்டரின் குளோஸ் முறையை அழைக்கும். கர்சரை மூடும் வேலையை, எப்படி முடிந்தாலும் ஓடும் ஃபைனலி பகுதிக்குள் வைத்தால்தான் அது நடக்கும்.

இத்தனையும் சொன்ன பிறகு, எல்லா ஏற்றுமதியையும் ஓடையாக அனுப்பத்தான் வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். தயாரிக்கவே ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும் கோப்பை, பின்னணி வேலையாக வட்டில் எழுதிவைத்து, முடிந்ததும் இணைப்பைக் கொடுப்பதே நலம். நீளம் தெரிந்துவிடுவதால் பிரௌசர் எத்தனை சதவீதம் முடிந்தது என்று காட்டும். அறுந்த இறக்கத்தை விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பிழை வந்தால் பாதிக் கோப்பு பயனரிடம் போகவே போகாது. ஜாங்கோ அனுமதியை மட்டும் சரிபார்த்துவிட்டு, எக்ஸ்-ஆக்செல்-ரீடைரக்ட் என்ற தலைப்பில் கோப்பின் உள்பாதையைச் சொன்னால், எஞ்சின்எக்ஸ் அதைத் தானே எடுத்து அனுப்பும். அதன் அமைப்பில் சென்ட்ஃபைல் இயக்கப்பட்டு, நடுவில் டிஎல்எஸ் குறியாக்கமோ அமுக்கமோ இல்லாதபோது, கோப்பின் பைட்கள் எந்தப் பிராசஸின் நினைவகத்துக்கும் வராமல், கெர்னலுக்குள்ளேயே வட்டுக் கேஷிலிருந்து சாக்கெட்டுக்குப் போகும். தயாரிக்கும் பக்கத்தில், வரிகளில் பைத்தான் எந்த மாற்றமும் செய்ய வேண்டியதில்லை என்றால், போஸ்ட்கிரெஸின் காப்பி கட்டளையே சிஎஸ்வியாகக் கொட்டித் தரும். ஓஆர்எம் வழியாக வருவதோடு ஒப்பிட்டால் வேகத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். பைத்தானுக்கான போஸ்ட்கிரெஸ் டிரைவரான சைகாப்ஜி 2-இல் அது ஒரு கோப்புப் பொருளுக்குள் தள்ளும் வகையில்தான் இருக்கிறது, ஆகவே வட்டில் எழுதப் பொருத்தம்; சைகாப்ஜி 3-இல் நாமே துண்டு துண்டாகக் கேட்டு வாங்கலாம், ஆகவே ஓடைக்கும் பொருத்தம். எக்செல் கோப்பு கேட்டால் இந்த வழியே முறை: ஓபன்பைஎக்செல் நூலகத்தில் எழுத மட்டுமான முறை ஒன்று உண்டு, எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ரைட்டரில் நிலையான நினைவக முறை ஒன்று உண்டு. இரண்டும் இயல்பாக இயங்குவதில்லை, கேட்டு வாங்க வேண்டும்.

மாற்றங்களைச் செய்த பிறகு அளந்து பார்க்காமல் நம்பாதீர்கள். குனிகார்னை மறுதொடக்கம் செய்துவிட்டு, 50,000 வரிகளுக்கு ஒரு முறை ஏற்றுமதி செய்து, லினக்ஸின் ப்ராக் அடைவில் அந்தப் பிராசஸின் ஸ்டேட்டஸ் கோப்பைத் திறந்து, 'விஎம்எச்டபிள்யூஎம்' என்ற வரியில் உள்ள உச்ச அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுபடி தொடக்கம் செய்து 5 லட்சம் வரிகளுக்குச் செய்யுங்கள். வரிகள் பத்து மடங்கானாலும் உச்சம் ஏறக்குறைய அதே இடத்தில் நிற்க வேண்டும். வரிகளோடு சேர்ந்து ஏறினால், யாரோ இன்னும் சேர்த்துவைக்கிறார்கள். எந்த இணைப்பில் என்பதை முதல் பைட் வரும் நேரம் ஓரளவு காட்டிக்கொடுக்கும், ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது. வித் ஹோல்டு கர்சரும் முதல் பைட்டைத் தாமதப்படுத்தும் என்று மேலே சொன்னேன் அல்லவா. குனிகார்னை நேரடியாக, எஞ்சின்எக்ஸைச் சுற்றிக்கொண்டு, கர்ல் கருவியில் வேகத்தை வினாடிக்கு 100 கிலோபைட் என்று கட்டுப்படுத்தி ஒரு முறை இறக்கிப் பாருங்கள். சிங்க் வேலையாளாக இருந்தால் இந்தச் சோதனைக்கு மட்டும் டைம்அவுட்டைக் கூட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அரை நிமிடத்தில் அறுந்துவிடும். பயனர் மெதுவாக வாங்கும்போதும் பிராசஸின் அளவு அசையாமல் நின்றால் எதிர் அழுத்தம் வேலை செய்கிறது.

இரண்டு எண்கள் உங்களை ஏமாற்றக்கூடும். ஒன்று, ஏற்றுமதி முடிந்த பிறகும் பிராசஸின் நினைவகம் இறங்காமல் நிற்பது. பைத்தானும் அதன் கீழுள்ள மெமரி ஒதுக்கியும், விடுவித்த இடத்தை எப்போதும் உடனே இயங்குதளத்திடம் திருப்பிக் கொடுப்பதில்லை. ஆகவே அது கசிவா, வெறும் சேமிப்பா என்பதை ஒரே அளவீட்டில் சொல்ல முடியாது. அதே ஏற்றுமதியைப் பத்து முறை ஓட்டுங்கள். இரண்டாம் முறைக்குப் பிறகு ஏறவில்லை என்றால் கசிவில்லை. மற்றொன்று, கன்டெய்னரின் கண்காணிப்பு வரைபடம். அதில் காட்டப்படும் நினைவகத்தில் கோப்புகளின் வட்டுக் கேஷும் சேர்ந்திருக்கும். எஞ்சின்எக்ஸ் தற்காலிகக் கோப்பை எழுதும்போது அது ஏறும், நெருக்கடி வந்தால் கெர்னல் தானே விடுவித்துக்கொள்ளும், அதற்காக யாரும் கொல்லப்படுவதில்லை. டெம்ப்எஃப்எஸில் எழுதியது மட்டும் அப்படி விடுபடாது. நீங்கள் கொடுத்த விவரத்தில் எஞ்சின்எக்ஸின் தற்காலிக அடைவு எங்கே இருக்கிறது என்பதும், நடுவில் பிஜிபவுன்சர் உண்டா என்பதும் இல்லை. குவெரிசெட்டைத் திருத்திய பிறகும் உச்ச அளவு வரிகளோடு சேர்ந்து ஏறினால், முதலில் பிஜிபவுன்சரைப் பாருங்கள், அடுத்து மிடில்வேர் பட்டியலை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். பிராசஸ் அசையாமல் நிற்க, கன்டெய்னர் மட்டும் கொல்லப்பட்டால், அந்த அடைவைப் பாருங்கள்.